வாங்கில் ஓர் இடம்

வேலணையில் நாங்கள் படித்த கொட்டில் பள்ளிக்கூடத்தின் வாசலோர மணல் காலையில் சில்லென்று குளிரும், வெயில் ஏறினால் தொடையைச் சுடும். இந்த விவரம் 'வாங்கு' என்று நாங்கள் சொல்லும் நீள இருக்கைகளில் அமர்ந்திருந்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பனையேறிக் கள் இறக்கும் அப்புவின் மகளான எனக்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கும் அந்த மணல்தான் ஆசனம்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருந்து படிக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. எங்கள் 'சட்டம்பியார்', அதாவது ஆசிரியர், என்னை வாங்கில் ஏறி இருக்கச் சொன்னார். அன்று மாலையே, அப்பு ஏறும் பனைகளின் சொந்தக்காரர் (நாங்கள் அவரை 'நயினார்' என்றுதான் சொல்லவேண்டும்) ஆள் அனுப்பிவிட்டார். பெட்டை நிலத்தில் இருந்தால் பனை உண்டு, வாங்கில் இருந்தால் இல்லை. அவருடைய மகள் மகேஸ்வரியும் என் வகுப்புத்தான்.

"நிலத்திலை இருந்தாலும் படிப்பு ஏறும்தானே? உலையிலை என்னத்தைப் போடுறது?" என்று அம்மா அழுதாள்.

அப்பு, ஏறும்போது காலில் மாட்டும் தளைநாரைச் சுருட்டிக் கூரையில் செருகினார். "நீ வாங்கிலை இரு பிள்ளை," என்றார். மறுநாளே ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு அரிசி மூட்டை சுமக்கப் போய்விட்டார்.

வாங்கின் ஒரு நுனியில் நான் இருந்தேன். மகேஸ்வரியும் வேறு மூன்று பெட்டைகளும் தீட்டுக்குப் பயந்து மறுநுனிக்கு நெருங்கி நெருங்கிப் போனார்கள். பாரம் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தால் வாங்கு என்ன செய்யும்? என் பக்கம் மேலே கிளம்ப, நால்வரும் மணலில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த கையோடு பயமும் வந்தது. பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்த மகேஸ்வரி என்னை முறைத்தாள், பிறகு அவளாலும் அடக்க முடியவில்லை. "எடி செல்லம், நீ நடுவுக்கு வா. இல்லாட்டி நாங்கள் நெடுக விழுந்துகொண்டே இருக்கவேணும்."

அவள் என் பெயரைச் சொன்னது அதுவே முதல் தடவை. நடுவுக்குப் போனேன். அவள் தோள் என் தோளில் பட்டது. வானம் இடிந்து விழவில்லை. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம் தாங்கவில்லை.

பெரியவர்கள் அப்படி இலேசில் சிரித்துவிடுகிறவர்கள் அல்லர். அந்தப் பனைகள் அப்புவுக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

இருபது வருஷம் கழித்து, இப்போது அதே பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிக்கிறேன். வாசலோரத்தில் எந்தப் பிள்ளையும் இருப்பதில்லை. அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்றே சின்னதுகளுக்குத் தெரியாது. கிணறுகள் இன்னும் வேறுதான், கோயில் கதவும் எங்களுக்குத் திறக்கவில்லை. திறக்கும் என்றே நம்புகிறேன். போன கிழமை மகேஸ்வரி தன் மகளைப் பள்ளியில் சேர்த்தாள். மறுநாள் காலை நான் வகுப்புக்குள் நுழைந்ததும், அந்தச் சின்னவளும் மற்றப் பிள்ளைகளோடு எழும்பி நின்று வணக்கம் சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் அதை அப்புவிடம் சொன்னேன். மூட்டை சுமந்து முதுகு வளைந்துபோனாலும் அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"ஆர், நயினாற்றை பேத்தியோ?"

"ஓம் அப்பு."

"எழும்பி நிண்டவளோ?"

"நிண்டவள்."

"இன்னொருக்காச் சொல்லு," என்றார்.