நாலாவது கயிறு

மாலை 4.17. மெட்ரோவில் துவாரகாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரே வரி... ஹெலன் போய்விட்டார். ஹார்ட் அட்டாக்.

இங்கே பலருக்கு ஹெலனைத் தெரியாது. என் ப்ராஜெக்டுக்காக நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் இருந்தோமே... அங்கே பக்கத்து வீடு. ஸ்கூல் பஸ் டிரைவர். ஊர்க் கோயிலில், அதாவது சர்ச்சில், மணி அடிக்கும் குழுவுக்குத் தலைவி.

எழுநூறு, எண்ணூறு வருஷத்துக் கல் கோபுரம். ஞாயிறு ஆராதனைக்குப் பத்துப் பேர் வந்தாலே கூட்டம். ஆனால் மேலே தொங்கும் ஆறு மணிகளுக்கு, கயிற்றுக்கு ஒருவராக ஆறு பேர் வந்துவிடுவார்கள்.

முதல் நாள் ஸ்டெல்லா இழுத்த கயிற்றை விடவில்லை. அங்கே மணி ஒரு முழுச் சுற்று சுற்றும். கயிறு அவளையும் சேர்த்து மேலே தூக்கிவிட்டது. ஹெலன் "லெட் கோ! லெட் கோ!" என்று கத்த... தொப்பென்று விழுந்தாள்.

எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டே என்னிடம்: "ஏங்க, எங்க ஊரு நாசரேத்துல கயித்த விட்டா கோயில்குட்டியார் வைவாரு. இங்க விடலைன்னு வையுதாங்க. நான் எங்கதான் போவேன்?"

கோயில்குட்டியார் என்றால் எங்கள் ஊர்க் கோயிலில் மணி அடிப்பவர் என்பதுவரை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஹெலன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த வாரம் ஒரு மரப்பெட்டி வந்தது. ஸ்டெல்லா ஏறி நின்று அடிக்க. குள்ளம் இல்லையா...

ஒவ்வொரு சுற்றிலும் மணிகளின் வரிசை மாறும். காகிதம் பார்க்கக் கூடாது. இன்ஜினியரான எனக்கு அது அல்காரிதம், கையில் வரவே இல்லை. அவளுக்கு வந்தது. நாலாவது மணியின் கயிறு அவளுடையதானது.

ஒருமுறை பக்கத்து ஊர்க் குழு வந்திருந்தது. ஒருவர் அவளிடம், "வேடிக்கை பார்க்க வந்தீங்களா?"

ஹெலன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஷி இஸ் அவர் ஃபோர்."

எங்க நாலு.

அன்றைக்கு ஒரு அடி தப்பவில்லை. சுவரோரம் நின்ற எனக்குத்தான் நெஞ்சு கொள்ளவில்லை.

போன வருஷம் ஸ்டெல்லா டெல்லியில் இறந்தபோது, அங்கே துக்கத்துக்குச் செய்கிற மாதிரி மணி நாக்கில் ஒரு பக்கம் தோல் கட்டி அடித்தார்கள். ஒரு அடி சத்தமாக, அடுத்தது எங்கோ தூரத்தில். ஹெலன் ரெக்கார்டிங் அனுப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து, ஆறு. நாலாவது இடத்தில் வெறும் காற்று.

அதற்கப்புறம் அந்தக் கயிற்றை யாரும் தொட ஹெலன் விடவில்லை.

இன்று இரண்டாவது மெசேஜ், அவர் கணவரிடமிருந்து. "ரெண்டு வாரத்துல அடக்கம். ஹெலனுக்காக ஆறு மணியும் அடிக்க எங்களுக்கு ஆசை. ஸ்டெல்லாவோட கயித்த எடுத்துக்கலாமா? நீ வேண்டாம்னா அஞ்சோட நிறுத்திக்கிறோம்."

என் ஸ்டேஷன் போய்விட்டது. அடுத்ததும்.

"எடுத்துக்கோங்க. ஆறும் அடிக்கட்டும். அந்தப் பெட்டிய மட்டும் தூக்கிப் போடாதீங்க" என்று அனுப்பிவிட்டேன்.

போய் வாங்க, ஹெலன்... உங்க நாலோட வீட்டுக்காரன்.

இதை லேப்டாப்பில்தான் எழுதுகிறேன். அவர்கள் பதிலைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் போனை ஆஃப் பண்ணிவிட்டேன்.