ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய நோட்டீஸ்

ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வராது. ஆனால் காலரா எப்படிப் பரவும், டைபாய்டு எப்படிப் பரவும், டெங்குக் கொசு எந்தத் தண்ணீரில் முட்டையிடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காரணம் என் மாமா, அம்மாவின் தம்பி. சுகாதார ஆய்வாளர் பயிற்சிக்காக மதுராந்தகம் பக்கத்து ஊரிலிருந்து வந்து, சேலையூரில் கேம்ப் ரோடை ஒட்டிய எங்கள் வாடகை வீட்டில் தங்கியிருந்தார்.

எதிரே யாராவது உட்கார்ந்து கேள்வி கேட்டால்தான் அவருக்குப் பாடம் மனதில் நிற்கும். அப்பா விடியற்காலையிலேயே ஒரகடத்துக்கு கம்பெனி பஸ் ஏறிவிடுவார். அம்மாவுக்கு ஆயிரம் வேலை. மிச்சம் இருந்தது நான். வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்க இதைவிடக் கௌரவமான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

"ஆய்வாளர் ஒரு வீட்டுக்குள் எப்போது நுழையலாம்?" என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்பேன்.

"பகலில், நியாயமான நேரத்தில், வீட்டில் இருப்பவருக்குச் சொல்லிவிட்டு."

"நோட்டீஸை வாங்க மறுத்தால்?"

"சாட்சி முன்னிலையில், கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும்."

பிரிவு எண்ணையும் சேர்த்தே சொல்வார். இப்போது நான் சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவேன், விடுங்கள்.

சட்டம் முழுவதும் மாமாவின் நாக்கில் இருந்தது. கொஞ்சமாவது காலிலும் இருந்திருக்கலாம். கேட் வரைக்கும் போவார், நிற்பார். உள்ளே நாய் குரைத்தால் இரண்டடி பின்னால் வருவார். நாய் இல்லாத வீட்டில், "யாருப்பா?" என்று குரல் வந்தால் நாலடி பின்னால் வருவார். "ஒண்ணுமில்ல மேடம், அப்புறம் வரேன்" என்பதுதான் அவர் பொது சுகாதாரத்துக்கு அதுவரை ஆற்றியிருந்த தொண்டு.

அந்த மாதம் அவருக்குக் களப்பணி. ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் பார்த்து, எங்கே கொசுப்புழு இருக்கிறது என்று எழுதி, அந்த வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் பயிற்சி அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். போன வருஷம் இதே களப்பணியில்தான் மாமா தோற்றிருந்தார். இந்தத் தடவையும் தோற்றால் ஊருக்குத் திரும்பி சிமெண்ட் கடையில் மூட்டை எண்ண வேண்டியதுதான் என்று தாத்தா போனில் சொல்லிவிட்டார். மாமா போய்விட்டால் எனக்கு மறுபடியும் பதினாறாம் வாய்ப்பாடுதான். ஆகவே விஷயம் எங்கள் இருவருக்குமே வாழ்வா சாவா.

அங்கேதான் என் கிரிக்கெட் திறமை கைகொடுத்தது. என் பந்துவீச்சைப் பற்றித் தெருவில் ஒரே அபிப்பிராயம்தான்: நான் போட்ட பந்து ஸ்டம்ப்பைத் தவிர எங்கு வேண்டுமானாலும் விழும். அதனால் "ஆன்ட்டி, பந்து!" என்று நான் எந்த கேட்டைத் திறந்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். "எடுத்துக்கினு ஓடுறா" என்று அடுப்படியிலிருந்தே அனுமதி வரும். பகலில்தான், சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்ற சட்டமெல்லாம் எனக்குப் பொருந்தாது. பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டு, மூடாத டிரம், மழைத்தண்ணீர் தேங்கிய டயர் என்று எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து மாமாவிடம் ஒப்பிப்பேன்.

அவர் அதை அப்படியே எழுதிவிடுவார் என்று நினைத்தேன். மனிதர் பேனாவை மூடிவிட்டார்.

"நான் பாத்தாதான்டா எழுத முடியும். நீ பாத்தது செல்லாது."

"அப்ப போய்ப் பாருங்க. மஞ்ச கேட் வீட்ல, பின்னாடி டிரம்மு."

எங்கே போய் என்ன பார்ப்பது என்று தெரிந்துவிட்டதும் மாமாவுக்குக் கொஞ்சம் முதுகு நிமிர்ந்தது. "மேடம், பின்னாடி ஒரு டிரம் மூடாம இருக்கும், பாக்கலாங்களா?" என்று கேட்டார். இவனுக்கு எப்படித் தெரியும் என்று திகைத்தே வழிவிட்டார்கள். நாலு நாளில் ஒன்பது வீட்டில் புழு கண்டுபிடித்தார். ஒன்பது வீட்டுக்கும் நோட்டீஸ். அது பயிற்சி நிலையத்தில் கொடுத்த மாதிரிப் படிவம்தான். சட்டப்படி அதனால் ஒரு கொசுவைக்கூட மிரட்ட முடியாது. ஆனால் கோடு போட்ட இடத்தில் பெயர் எழுதி, கீழே தேதி போட்டு நீட்டியதும் தெருவே டிரம்மைக் கவிழ்த்துக் கழுவியது.

பத்தாவது வீடு எங்கள் திட்டத்தில் இல்லை. பந்து அதன் பாட்டுக்குப் போனது.

வியாழக்கிழமை சாயங்காலம். மாமாவுக்கு நான் வேகமாக ஒன்று போட, அது அவருக்குப் பின்பக்கமாகப் போகாமல் எனக்குப் பின்பக்கமாகப் போய் (எப்படி என்று கேட்காதீர்கள்), எங்கள் வீட்டு வாசலில் நுழைந்து, ஹாலில் உருண்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மறைந்தது. ஹாலில் அம்மாவோடு ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். மாடியில் குடியிருப்பவர். அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு மாமா அன்று காலையில்தான் நோட்டீஸ் கொடுத்திருந்தார். அதைப் பற்றிப் பேசத்தான் இறங்கி வந்திருந்தார்.

"மூடி லேசா விலகி கீது, அதுக்கு ஒரு நோட்டீஸா? தங்கமான புள்ளைன்னு நெனச்சேன் உன் தம்பிய" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் தரையில் படுத்து ஃப்ரிட்ஜின் பின்னால் டார்ச் அடித்தேன். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு. ஃப்ரிட்ஜிலிருந்து வடியும் தண்ணீர் அதில்தான் சேரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். வெளிச்சம் பட்டதும் அந்தத் தண்ணீரில் குட்டிக் குட்டியாக ஏதோ துள்ளித் துள்ளி அடியில் இறங்கியது.

புத்தியுள்ள பிள்ளை என்ன செய்திருக்கும்? பந்தை எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கும். நான் லாட்டரி அடித்தவன் மாதிரி கத்தினேன்:

"மாமா! புழு! நம்ம வூட்லயே புழு!"

எங்கள் அம்மா ஒரு நாளைக்கு இரண்டு தடவை தரை துடைப்பவர். சோபாவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு, வந்த தூசியை எங்களுக்குக் காட்டி, அதற்கும் எங்களையே திட்டுபவர்.

"டேய், நீதான எங்கேர்ந்தோ கொண்டாந்து போட்ட?" என்றார் என்னைப் பார்த்து.

மாமா ஃப்ரிட்ஜை நகர்த்தி, தட்டை உருவி, வாசல் வெளிச்சத்தில் பார்த்தார். நானும் பார்த்தேன். ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி எல்லோரையும்விட நன்றாகப் பார்த்தார். அம்மா வந்து தட்டைப் பிடுங்கி, தண்ணீரை வாசலில் மண்ணில் கொட்டி, காலால் தேய்த்தார்.

"கொட்டியாச்சு. முடிஞ்சுது. போய்க் கை கழுவு."

மாமா நகரவில்லை.

"என்னடா?"

"பாத்துட்டேன்கா."

"பாத்தா?"

"எழுதணும்."

"அக்கா வூட்டுக்கேவா?" என்றார் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி. முகத்தில் அத்தனை சந்தோஷம். "அதானே, எங்களுக்கு மட்டும்தான் சட்டமான்னு பாத்தேன்."

அம்மாவுக்கு ரோஷம் வந்தது அதில்தான். "எழுதுடா! சோறு போடறவளுக்கு நோட்டீஸ் குடு! ஊரே கை தட்டும்!" என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமா படிவத்தை எடுத்தார். "இடத்தின் பொறுப்பில் இருப்பவர்" என்ற கோட்டுக்கு வந்ததும் நின்றார். வீட்டுச் சொந்தக்காரர் மாடியில். வாடகை ஒப்பந்தம், ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், கல்யாணப் பத்திரிகையின் மேல் எழுதி வரும் பெயர் என்று எல்லாவற்றிலும் அப்பா. மாமா புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு எழுதினார். நீட்டினார்.

அம்மா திரும்பவே இல்லை. "வாங்க மாட்டேன்."

அடுத்தது என்ன என்று எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. அடுப்படிக்கு ஓடி ஒரு கை சோறு கொண்டுவந்தேன். பருக்கையை நசுக்கித் தடவி, கண்ணில் படும் இடமாகிய ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். இனி சாட்சி.

ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி எழுந்துகொண்டார். "எனக்கெதுக்குப்பா வம்பு. குடியிருக்கறவங்க மேல கையெழுத்து போட்டா நல்லாவா இருக்கும்?" என்று படியேறிவிட்டார். வேடிக்கை முடிந்த பிறகுதான் ஏறினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மிச்சம் மறுபடியும் நான்.

"சின்னப் பையன் சாட்சி போடலாமா?" என்றேன், தப்பித்துவிடலாம் என்ற ஆசையில்.

மாமா புத்தகத்தைப் பார்த்தார். "விஷயம் புரியற வயசா இருந்தா போதுமாம்."

"அப்ப இவன் தேற மாட்டான்" என்றது சுவர்ப்பக்கமிருந்து அம்மாவின் குரல்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்வின் முதல் கையெழுத்து. புழுவைப் பார்த்த சாட்சியின் கையெழுத்தும் புழு மாதிரியே துள்ளிக்கொண்டு கோட்டுக்குக் கீழே இறங்கியது.

அதற்குப் பிறகு அம்மா ஃப்ரிட்ஜைத் தொடவில்லை. "சீல் வெச்ச பொட்டி. நமக்கெதுக்கு" என்று பாலை வெளியிலேயே வைத்தார். மாவையும் வெளியில் வைத்தார், அது பொங்கி வழிந்தது. எங்களோடு பேச்சில்லை, பாத்திரங்கள் மட்டும் பேசின. மாமா ஹாலின் ஒரு மூலையில் உட்கார்ந்து நகம் கடித்தார். அதிகாரி வரும்போது அக்கா கதவைத் திறக்காவிட்டால் தன் கதி என்ன என்று யோசித்திருப்பார். நானும் அதைத்தான் யோசித்தேன்.

அன்று ஏழு மணிக்கு அப்பா வந்தார். தண்ணீர் பாட்டிலுக்காக ஃப்ரிட்ஜிடம் போனவர், நின்று படித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார்.

"ஏம்பா, குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தன் இருக்கேன், எம்பேர் எங்க?"

மாமா அப்பாவையும் 'மாமா' என்றுதான் கூப்பிடுவார். "இல்ல மாமா... பேப்பர்ல யார் பேர் இருக்குன்னு பாக்கக் கூடாதாம். இடம் நெஜமா யார் கையில இருக்கோ அவங்க பேரத்தான் எழுதணுமாம்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அது சரிதான்" என்றார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ரசம் தயார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். மற்ற ஒன்பது வீடுகளையும் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவு திறந்தது. அம்மா கஞ்சி போட்ட புடவை கட்டியிருந்தார். ஃப்ரிட்ஜ் ஏற்கெனவே நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. தட்டு, சாமி விளக்கு மாதிரி பளபளத்தது.

"உங்க அக்கா வீடா?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

"அக்காவுக்கே நோட்டீஸா?"

"புழு இருந்துச்சு சார்."

அதிகாரி அம்மாவிடம் திரும்பினார். "அதுக்கப்புறம் இவருக்குச் சோறு போட்டீங்களாம்மா?"

"போட்டேன் சார். உப்புதான் போடல."

அவர் சிரித்துக்கொண்டே நோட்டீஸைக் குனிந்து பார்த்தார். "நீங்கதான் பொறுப்பாளரா?"

"ஆமா சார், நான்தான்." வெளியாட்களிடம் அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "தட்டு நாங்க வாரா வாரம் கழுவறோம்" என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னார். கழுவ ஆரம்பித்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அதிகாரி என் கையெழுத்தைக் காட்டி, "இது என்ன?" என்றார். "சாட்சி சார்" என்றேன். நோட்டீஸின் மேல் டிக் அடித்து, மாமாவின் நோட்டில் ஏதோ எழுதி, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மாமா அந்த நோட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார். எங்கே என்று தெரியவில்லை. தேறிவிட்டதைத் தாத்தாவுக்குப் போனில் சொல்ல சிக்னல் தேடிப் போனார் என்று பிறகு தெரிந்தது.

நான் ஃப்ரிட்ஜ் கதவில் நகத்தை வைத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். அந்த அவமானச் சின்னத்தை அம்மா கண்ணிலிருந்து எடுத்துவிட்டால் எனக்கு மன்னிப்புக் கிடைக்கும் என்று கணக்கு.

"கை எடு, கிழிச்சிடாத!"

ஈரத்துணியால் ஓரம் ஓரமாக ஒற்றி, பருக்கை ஊறும்வரை காத்திருந்து, அம்மா அதை முழுசாக உரித்தெடுத்தார். மேஜையில் வைத்து முந்தானையால் துடைத்தார். நான் எப்போதாவது வாலாட்டினால் எடுத்துக் காட்டுவதற்கான சாட்சியம் என்று முடிவுசெய்துகொண்டேன். இன்றும் அது அவருடைய பீரோவில் இருக்கிறது.

"என்ன எழுதிருக்கான்? படி."

படித்தேன். பெறுநர் என்று தொடங்கி, அம்மாவின் முழுப்பெயர், இந்த இடத்தின் பொறுப்பில் இருப்பவர், கதவு எண், தெரு, ஃப்ரிட்ஜ் தட்டு, கொசுப்புழு, இருபத்துநாலு மணி நேரக் கெடு, என் கையெழுத்து வரை மூச்சு விடாமல் படித்து முடித்தேன்.

"இவ்ளோ அவசரம் எதுக்கு? மொத ரெண்டு வரி மட்டும் படி."

படித்தேன்.

"இன்னொரு வாட்டி."

எனக்கு உச்சரிப்பு சரியில்லை என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, ழகரம் வராத இடத்திலும் நாக்கை மடித்து, டிவி செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அம்மா ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவைதான் சரியாக வந்திருக்க வேண்டும். அதற்கு மேல் அவர் படிக்கச் சொல்லவில்லை.