கை மாறிய கடாய்

ஒரு காலையில் வலது தோள் மேலே எழும்பவே இல்லை. தலை வாரக்கூட முடியவில்லை.

எங்கள் கிராமம் மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு வந்தபோது கணவர் சென்ட்ரிங் வேலைக்குப் போனார். நான் ஒரு கல்லூரி வாசலில் தள்ளுவண்டி போட்டு கோபி மஞ்சூரியனும் ஃப்ரைட் ரைஸும் விற்றேன். வண்டி கடையானது, கடை இரண்டானது. ஆனால் முதல் கடையின் இரும்புக் கடாயை மட்டும் நான் யாரிடமும் விட்டதில்லை. அதைத் தூக்கித் தூக்கிக் குலுக்கியதில் தோள் தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். இனிமேல் தொடவே கூடாதாம்.

"இனியாச்சும் சித்த உக்காரு புள்ள. ஆள் வெச்சுக்கலாம்" என்றார் கணவர்.

"என் கைப்பக்குவம் வருமாங்க? வர்ற சனம் ஓடிப்போயிரும்."

இரண்டாவது கடையிலிருந்த மாஸ்டரை இங்கே வரச் சொன்னோம். அஸ்ஸாம்காரர், அதிகம் பேசமாட்டார். நான் கல்லாவில் உட்கார்ந்தேன். அவர் கடாயைக் குலுக்கும்போதெல்லாம் என் மணிக்கட்டும் தானாக அசைந்தது. குறை சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

மாணவராக இருந்தபோது என் வண்டியில் தின்றவர் ஒருவர், இப்போது வங்கியில் வேலை பார்க்கிறார். அன்று மாலை வந்தார். ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதித் தட்டு காலியானதும் நிமிர்ந்தார்.

"அக்கா, இவத்து கோபி சூப்பர்!"

இன்றைய கோபியை நான் செய்யவில்லை என்று கன்னடத்திலேயே சொன்னேன்.

"ஹௌதா? கொத்தே ஆகலில்ல" என்றார். தெரியவே இல்லையாம். சிரித்துவிட்டு மறுபடி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"நல்லதுதான புள்ள? அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?"

"நல்லதுதானுங்க" என்றேன். இத்தனை வருடம் வேறு ஒருவர் கடாய் முன்னால் நின்றிருக்கலாம், நான் உட்கார்ந்திருக்கலாம் என்பதை எப்படிச் சொல்வது?

மாஸ்டர் முதல் கடையிலேயே நிலைத்துவிட்டார். கூட்டம் குறையவில்லை. கல்லாவுக்கும் இரண்டாவது கடைக்கும் ஆள் வைத்துவிட்டோம். காலையில் மார்க்கெட்டில் காலிஃப்ளவர் பார்த்து வாங்குவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. மூட்டையைக் கணவர் தூக்கிக்கொள்கிறார். மத்தியானம் வீட்டில் படுத்தால் தூக்கம் வருவதில்லை, எழுந்திருக்கவும் தெம்பில்லை.