நம்மாத்துக் குழந்தை

அப்போது நாங்கள் ஜீயபுரத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தார். ஒருநாள் காலையில் மகள் செல்வி எச்சில்கூட விழுங்க முடியாமல் மூச்சுக்குத் திணறினாள். அவளைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

வாசலில் நின்ற பியூன் என் கிழிந்த சேலையைத்தான் முதலில் பார்த்தார். "அப்படி ஓரமா உக்காரு, கூப்பிடுவாங்க" என்றார். காரில் வந்தவர்களை மட்டும் "வாங்கம்மா, வாங்க" என்று உள்ளே அனுப்பினார். குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. "ரங்கநாதா!" என்று வாய்விட்டு அழுதேன்.

அங்கே காத்திருந்த ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் எழுந்து வந்து, செல்வியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இது நம்மாத்துக் குழந்தை. வழி விடுப்பா!"

பியூன் உடனே கதவைத் திறந்தார். தொண்டை அடைப்பான் நோயாம். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்றார் டாக்டர்.

"எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களேம்மா" என்றேன்.

"அதைப் பெருமாள் என்னைக் கேட்டுக்கட்டும். நீ குழந்தையைப் பாருடி!" என்றார் மாமி.

இப்போது வீட்டுக்காரருக்குத் திருவெறும்பூர் ஃபேக்டரியில் வேலை. நல்ல சேலை கட்டிப் போனால் அதே வாசலில் எனக்கும் "வாங்கம்மா" கிடைக்கிறது. ஆனால் நான் உடனே உள்ளே போவதில்லை. ஓரத்தில் யாராவது நோயாளிக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தால், "இவங்க எங்க வீட்டு ஆளுங்க" என்று சொல்லி முன்னால் அனுப்புகிறேன்.

பொய் சொல்லப் பயப்படுகிறவள் நான். இந்தப் பொய்யை மட்டும் அன்றன்று மாலை விளக்கேற்றும்போது ரங்கநாதரிடம் சொல்லிவிடுகிறேன்.