போயா நாளில் கந்தோருக்குப் போனவள்

அத்தானின் சாய்மனைக் கதிரை இப்போது மறுபடியும் முன் விறாந்தையில் கிடக்கிறது. நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்து போட்டோம். பிரம்பு பின்னிய பழைய கதிரை. வலது கைப்பிடி முழுக்கத் தேநீர்க் கோப்பை வைத்த வட்டங்கள். அதில் சாய்ந்திருந்து பார்த்தால் உவர்மலைச் சரிவுக்குக் கீழே உட்துறைமுகம் அப்படியே தெரியும். தலையைக் கொஞ்சம் திருப்பினால் எங்கள் ஒழுங்கை தெரியும். அத்தான் கடலைப் பார்க்கத்தான் அதில் இருந்தார். ஆனால் ஒழுங்கையால் போகிற வருகிற என்னையும் பார்த்துவிட்டார், அதுதான் வந்த வினை.

அத்தான் என் அக்காவின் கணவர். அம்மாவும் இல்லாமல் அப்பாவும் இல்லாமல் ஒரு உடுப்புப் பையோடு நான் அவர்கள் வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளை. அவர்களுக்குக் கல்யாணம் நடந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. அத்தான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் அலுமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, "இது உன்ரை, பிள்ளை" என்றார். துறைமுகத்துக்குள் கப்பல்களை இழுத்து வந்து கட்டுகிற டக் படகில் எஞ்சின் பார்ப்பது அவர் வேலை. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அவர் சேட்டிலிருந்து டீசல் மணம் போகாது. எனக்கு அந்த மணம் வந்தால் அத்தான் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

அவர் வேலை செய்த இடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டு முடியும்போது எடுக்காமல் மிச்சம் விட்ட லீவு நாட்களுக்குச் சம்பளம் கொடுத்துவிடுவார்கள். அதை எல்லோரும் 'லீவு விக்கிறது' என்றார்கள். மற்றவர்கள் கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் விற்றார்கள். அத்தான் எல்லாவற்றையும் விற்றார். காய்ச்சலோடு தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு படகுக்குப் போன நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அக்கா வாசல் படலையை மறித்துக்கொண்டு நின்று சண்டை பிடிப்பாள். "லீவு எடுத்தால் போயிடும், வித்தால் இருக்கும்" என்று சிரித்தபடியே அவளைத் தாண்டிப் போவார். அந்த விற்ற லீவு என் டியூசன் காசாக இருந்தது. பிறகு கம்பஸில் படித்த காலத்தில் போர்டிங் வாடகையாக இருந்தது. முதல் நாள் வேலைக்கு நான் கட்டிப்போன சேலையாகவும் இருந்தது. அவர் ஓய்ந்திருக்க வேண்டிய நாட்களைத்தான் நான் உடுத்தேன், தின்றேன், படித்தேன். அந்த வயதில் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. டிசம்பர் வந்தால் அத்தானிடம் காசு வரும், அவ்வளவுதான்.

அவர் தனக்கென்று ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. மூதூருக்குப் பயணிகள் ஏறும் லாஞ்சுப் படகில் போக வேண்டும். விரிகுடாவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அவர் எத்தனையோ தரம் டக்கில் போய் வந்திருப்பார். ஆனால் எஞ்சின் அறைக்குள் இருப்பவருக்குக் கடல் எங்கே தெரிகிறது? "ஒருநாள் எல்லாரும் மேல்தட்டில காத்து வாங்கிக்கொண்டு போவம். மூதூரில எருமைத் தயிரும் சோறும் திண்டுபோட்டு பின்னேரம் வருவம்" என்பார். அக்கா அடுத்த ஆண்டு என்பாள், அடுத்த ஆண்டு டிசம்பரில் லீவு விற்கப்பட்டுவிடும். கடைசியில் அறுபது வயதில் ஓய்வு பெற்றார். கூட வேலை செய்தவர்கள் இந்தக் கதிரையை வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது எஞ்சின் அறையின் இரும்பு ஏணி அவருடைய இரண்டு முழங்காலையும் முடித்துவிட்டிருந்தது. கைநிறைய நேரம் வந்தபோது படலைக்கு அப்பால் நடக்க அவரால் ஏலாமல் போனது.

அவரைப் பார்த்துத்தான் நான் முடிவெடுத்தேன். ஓய்வு வயது வரும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, முழங்கால் நல்லாயிருக்கும்போதே ஒரு முழு ஆண்டு வேலையை விட்டு நிற்க வேண்டும். நினைத்தவுடன் நடக்கிற காரியமா அது? எங்கள் வீடு அதே ஒழுங்கையில் கொஞ்சம் மேலே இருக்கிறது, அதன் கடன் முடியும் வரை பொறுத்தோம். பிறகு என் சம்பளத்தைத் தொடாமல் வங்கியில் போட்டுவிட்டு, ஆசிரியரான என் கணவரின் சம்பளத்தில் மட்டும் வீட்டை நடத்தி ஒத்திகை பார்த்தோம். முதல் மாதமே கிழிந்துவிட்டது. மெல்ல மெல்லப் பழகினோம். பழைய ஸ்கூட்டரையே திருத்தித் திருத்தி ஓடினேன், புதிதாக ஒரு குண்டுமணித் தங்கம் வாங்கவில்லை, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணக்கியல் சொல்லிக் கொடுத்தேன். சாமான் விலை தலைக்கு மேலே ஏறி, பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்தப் பொல்லாத காலத்தில் சேர்த்தது பாதி கரைந்தது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினோம். ஒருவழியாகச் சம்பளமில்லா லீவுக்கு எழுதிக் கொடுத்தபோது நான் கணக்கு எழுதும் கந்தோரில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "என்ன வருத்தம், மிஸ்?" நோய் வருத்தம் ஒன்றுமில்லை, சும்மா இருக்கப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்? பிறஷர் என்று சொல்லித் தப்பினேன்.

கந்தோருக்குச் சொன்னேன், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அத்தானுக்கு மட்டும் சொல்ல வாய் வரவில்லை. "நீர் சொல்லுறீரோ, நான் சொல்லட்டோ?" என்று என் கணவர் கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். ஒரு நாள் லீவைக்கூட எடுக்காமல் என்னைப் படிப்பித்த மனிதரிடம் போய், நான் ஒரு வருடம் லீவெடுக்கிறேன், அதுவும் ஒரு காரணமும் இல்லாமல், என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று, லீவு தொடங்கிய முதல் நாள் வழக்கம்போலச் சேலை கட்டி, பையைத் தோளில் மாட்டி, அவர் படலையடியால் போனேன். "போயிட்டு வாறன் அத்தான்." "கவனமாப் போயிட்டு வா பிள்ளை." அடுத்த நாளும் அப்படியே. ஆண்டுக்கணக்கில் திட்டம் போட்டுச் சேர்த்து வாங்கிய ஓய்வில், நான் கந்தோருக்குப் போகும் நேரத்துக்கே எழும்பி, கந்தோர்ச் சேலையில், நகர நூலகத்து மின்விசிறிக்குக் கீழே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஒருநாள் அப்படித்தான் போனேன். முதல் நாளே என் கணவர் மகனைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பிலிருக்கும் தன் தாயைப் பார்க்கப் போயிருந்தார். ஏன் வேலை நாளில் போகிறார் என்றுகூட என் மண்டையில் ஏறவில்லை. வேலைக்குப் போகாதவளுக்கு எல்லா நாளும் ஒரே நாள்தானே. அத்தான் கதிரையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கோப்பையைக் கைப்பிடியில் வைத்துவிட்டுச் சற்று நிமிர்ந்தார். போயிட்டு வாறன் என்றேன். ஒரு கணம் கழித்துத்தான், "கவனமாப் போயிட்டு வா பிள்ளை" என்றார். கீழே இறங்கினால் ஒழுங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒன்றையும் காணவில்லை. சந்தையடியில் இறைச்சிக் கடைகள் பூட்டு. வெள்ளை உடுத்த சிங்களக் குடும்பமொன்று கையில் பூத்தட்டோடு விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கந்தோர் வாசலைக் கடக்கும்போது காவலாளி கம்பிக் கதவுக்குள்ளிருந்து சத்தம் வைத்தார்: "மிஸ், இண்டைக்குப் போயாவெல்லோ! அதோட நீங்கள் லீவெல்லோ!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் நிற்காமல் நடையைக் கட்டினேன்.

போயா என்கிற முழுமதி நாளில் நாடே லீவில் நிற்கும். கடலோடு வாழ்ந்த அத்தானோ கலண்டர் பார்க்காமலே பௌர்ணமி சொல்லக்கூடியவர். திரும்பிப் போகவும் முடியாது, போனால் என்ன சொல்வது? கடற்கரையில் ஒரு மர நிழலில் சேலையோடு குந்தியிருந்துவிட்டுப் பின்னேரம் வீடு வந்தேன். "வேலை கூடவோ பிள்ளை?" என்றார் அத்தான். "ஓம் அத்தான், கணக்கு முடிக்கிற நேரம்." அவர் என் செருப்பைப் பார்த்தார். அதில் மணல் ஒட்டியிருந்தது. "முகம் வாடிப்போச்சு. உள்ளுக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். மறந்துவிட்டார், வயது போய்விட்டது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அடுத்த கிழமை முன் விறாந்தையில் கதிரை இல்லை. பின்னுக்கு, அக்கா சமைக்கிற குசினி வாசலடியில் போட்டிருந்தார்கள். காலை வெயில் கண்ணில் குத்துகிறதாம். அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு மதிலும் ஒரு முருங்கை மரமும்தான் தெரியும். அக்காவிடம் காரணம் கேட்டு, ஐயோ பாவம் என்றுகூடச் சொன்னேன். உண்மையில் எனக்குத் தலையிலிருந்து ஒரு மலை இறங்கியது போல் இருந்தது. சேலை கட்டுவதை விட்டேன். விரும்பிய நேரம் எழும்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டு மீன் சந்தைக்கும் கடற்கரைக்கும் போனேன், மத்தியானத்தில் படுத்தேன், வாசித்தேன். சொல்ல வெட்கமாயிருக்கிறது, அந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நான் சுகமாக இருந்த மாதங்கள்.

அந்தச் சுகத்தில்தான் ஒருநாள் கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் மூதூருக்குப் போனேன். கடை வாசலில் குந்தியிருந்து தயிரும் சோறும் தின்றேன். அத்தானுக்கும் ஒரு சட்டித் தயிர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "கந்தோரில ஒரு ஆள் கொண்டந்து தந்தவ, அத்தான்." குசினி வாசலில் இருந்தபடி ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினார். "மூதூர்த் தயிர்தான்." பிறகு கேட்டார்: "இப்ப பஸ்சில போய்வர எவ்வளவு நேரம் பிடிக்குது?" எனக்கென்ன தெரியும் என்றேன். சிரித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார். ஒரு ஓட்டோ பிடித்து அவரை ஏற்றிக்கொண்டு போக எனக்கு நேரம் இருந்தது. ஓட்டோவில் ஏற முழங்கால் பெரிதாக வேண்டியதில்லை. ஆனால் வேலை நாளில் கூட்டிப் போனால் என் லீவு தெரிந்துவிடுமே. சனி ஞாயிறில் வீட்டு வேலை இருக்கும், அடுத்த கிழமை பார்ப்போம் என்று விட்டேன். அக்கா அடுத்த ஆண்டு அடுத்த ஆண்டு என்று சொன்னதாவது காசில்லாமல். எனக்கு அந்தச் சாட்டும் இல்லை.

அதற்குப் பிறகு கன நாள் போகவில்லை. மூச்சு முட்டுகிறதென்று அத்தானை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். பகல் முழுக்க நான் கட்டிலடியில் இருந்தேன். "வேலைக்குப் போகேல்லையோ?" என்று கேட்டார். "லீவு போட்டிருக்கிறன் அத்தான்." "எத்தினை நாள்?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ரெண்டு நாள்" என்றேன். என் கையைத் தட்டினார். "காணாது பிள்ளை. இன்னும் எடு." நோயாளியின் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டேன். அவர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் போனபின், குசினி வாசலில் கிடந்த கதிரையை என்ன செய்வதென்று கேட்டேன். பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே சொன்னாள்: "முன்னுக்கே போடுவம். உனக்காண்டித்தானே பின்னுக்குப் போட்டவர்." எனக்கு விளங்கவில்லை. "போயா அண்டைக்கு நீ கந்தோருக்கெண்டு வெளிக்கிட்டுப் போனனியெல்லோ. அண்டைக்கே பிடிச்சிட்டார். 'அவள் லீவில நிக்கிறாள், எனக்குச் சொல்லப் பயத்தில வெயிலுக்குள்ள அலையுறாள். நான் முன்னுக்கு இருந்தால் அந்தப் பிள்ளை வீட்டில நிம்மதியா நிக்காது' எண்டு என்னைக்கொண்டு கதிரையைத் தூக்குவிச்சவர்." கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "கோபமோ? நீ தயிர்ச் சட்டியைக் கொண்டந்த அண்டைக்கு, நீ போனாப்பிறகு சொன்னவர்: 'லீவு எடுத்தாலும் இருக்கும் போல.'"

அக்கா என்னை ஆற்றுவதற்காகத்தான் அதைச் சொன்னாள். எனக்கு ஆறவில்லை. ஆயுள் முழுக்கத் தன் ஓய்வை விற்று எனக்குத் தந்தவர், கடைசியில் பார்க்க மிஞ்சியிருந்த ஒரு துண்டுக் கடலையும் எனக்காக விட்டுவிட்டு மதிலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் முன்னால் ஒழுங்கையில் சந்தோஷமாகச் செருப்புச் சத்தம் கேட்கப் போய் வந்திருக்கிறேன். மிச்ச லீவை முறித்துக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம் என்று பார்த்தேன். அக்கா விடவில்லை. "அதையும் விக்கப் போறியோ?" என்றாள்.

இப்போது காலையில் வந்து அக்காவோடு தேநீர் குடிக்கிறேன். அவள் சொல்லித்தான் கதிரையில் இருக்கிறேன், முழுதாகச் சாய இன்னும் மனம் வரவில்லை. இன்று காலை ஒரு டக் படகு பெரிய கப்பலொன்றை மெல்ல இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே எஞ்சினடியில் யாரோ ஒருவர் கடலைப் பார்க்காமல் நிற்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒழுங்கையால் போன பக்கத்து வீட்டம்மா படலையடியில் நின்றார்.

"என்ன பிள்ளை, வீட்டில? இண்டைக்குப் போயாவோ?"

ஓம் என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். கோப்பையைக் கைப்பிடியில், பழைய வட்டத்தின் மேல் வைத்தேன்.

"இல்லையம்மா. லீவில நிக்கிறன். ஒரு வருஷம்."

அவ்வளவு சத்தமாகச் சொல்லத் தேவையில்லை, அவர் பக்கத்தில்தான் நின்றார். குசினி வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.