ரிவர்ஸ் பாட்டு

அலுவலகத்தில் புதிதாக யாராவது சேர்ந்தால், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தமக்குப் பிடித்த பாட்டு எது என்று சொல்ல வேண்டும். எங்கள் மேலாளர் கண்டுபிடித்த கொடுமை இது. நான் ஒவ்வொரு முறையும் பொய்தான் சொல்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டும்படி மரியாதையான ஒரு மெல்லிசைப் பாட்டைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். உண்மையில் எனக்குப் பிடித்தது எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு டிஸ்கோ பாட்டு. பாதி லாலா, மீதி எந்த நாட்டிலும் யாரும் பேசாத ஆங்கிலம். வந்த காலத்திலேயே அதற்குக் கொஞ்ச நாள்தான் மவுசு இருந்ததாம். நான் பிறப்பதற்கு வெகு முன்பே ஊர் அதை மறந்துவிட்டது. சிறுசேரியிலிருந்து மேடவாக்கம் திரும்பும் கம்பெனி பஸ் நெரிசலில் நகராமல் நிற்கும்போது, வீட்டுக்குப் போய்ச் சோறு வைக்க வேண்டுமே என்ற நினைப்பே அலுப்பாக இருக்கும்போது, நான் காதில் போட்டுக்கொள்வது அதைத்தான்.

அது எனக்கு வானொலி வழியாக வரவில்லை. தண்ணீர் லாரியின் பின்பக்கத்திலிருந்து வந்தது.

அப்போது நாங்கள் ராஜகீழ்பாக்கத்தில் ஒரு முட்டுச்சந்தில், அடுக்குக் குடியிருப்பொன்றின் இரண்டாவது மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். மழை தொடர்ந்து ஏமாற்றிய வருடங்கள் அவை. போர்வெல் மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றுக்கும் கரண்ட் பில் வந்தது. தெருவுக்கே லாரித் தண்ணீர்தான் கதி; அது காலையிலும் வரும், சாயங்காலத்திலும் வரும். சந்துக்குள் வண்டி திரும்ப இடமில்லாததால் லாரி முனையிலிருந்தே பின்னோக்கித்தான் வரும். ரிவர்ஸ் கியர் போட்டால் பாடுகிற சின்னப் பெட்டியை வண்டியில் மாட்டிக்கொள்வது அந்த நாளில் ஒரு பெருமை. கடைகளில் நாலைந்து மெட்டுகள்தான் கிடைக்கும் போலிருக்கிறது. எங்கள் லாரிக்கு அந்த டிஸ்கோ வாய்த்திருந்தது. குரல் கிடையாது, பீப் பீப்பென்று வெறும் மெட்டு. அதுவும் முழுதாக வராது. இரண்டாவது வரி முடிகிற இடத்தில் சிக்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். லாரி நிற்கிறவரை இதே பாடுதான்.

அந்தப் பாட்டைத் திட்டாதவர்கள் எங்கள் குடியிருப்பில் இல்லை. கோவளத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்திருந்த கீழ்வீட்டு அக்கா, "இன்னா பாட்டுடா இது, காலங்காத்தால கய்த மாரி கத்திகினு" என்று டிரைவரிடம் தினமும் சண்டை பிடிப்பாள். பழைய சோகப் பாட்டுகளைத் தவிர வேறெதையும் பாட்டென்று ஒப்புக்கொள்ளாத அப்பா, லாரி வரும்போது காதைப் பொத்திக்கொண்டு பேப்பர் படிப்பார். பேப்பரைப் பிடிக்க எத்தனை கை வேண்டும் என்று அம்மா கேட்பாள்.

அத்தை ஒருத்திதான் அதற்குப் பரிந்து பேசுவாள். சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். நாள் முழுக்க நின்றுவிட்டு வீங்கிய காலோடு வருவாள். வந்ததும் குடத்தைத் தூக்குவாள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்தப் பாட்டு ஓயாமல் ஓடுமாம். தண்ணீரோடு படியேறும்போது, பெட்டி விட்ட இடத்திலிருந்து மீதிப் பாட்டை அவள் முணுமுணுத்து முடிப்பாள். முழு மெட்டும் எனக்குத் தெரிந்தது அவள் வாய் வழியாகத்தான்.

"இதப் போயி எப்படி அத்தை பிடிக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுல யாரும் யாருக்காகவும் அழ மாட்டாங்கடீ. அதான்."

லாரிக்குக் காது கொடுத்திருப்பது வீட்டில் என் வேலை. அதே பெட்டி வேறு வண்டிகளிலும் இருந்ததால் நான் ஏமாந்து ஏமாந்து கத்துவேன். அத்தைதான் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தாள். "சிக்குதா பாரு. சிக்குனா நம்ம லாரி. சிக்காமப் போச்சுன்னா எவனோ, நீ பாட்டுக்கு ஹோம்வொர்க்க எழுது." அவள் மட்டும் ஏமாந்ததே இல்லை. மிக்ஸி ஓடினாலும் அவள் காதுக்குத் தப்பாது. அத்தை பால்கனியில் நின்று "லாரி" என்றால், எட்டிக்கூடப் பார்க்காமல் மொத்தக் குடியிருப்பும் குடத்தோடு இறங்கிவிடும்.

அந்தக் கோடையில்தான் முடிச்சூரிலிருந்து ஒரு வரன் வந்தது. வயலை மனையாகப் போட்டு விற்கும் குடும்பம். மாப்பிள்ளைக்கு முதல் மனைவி தவறிப்போயிருந்தார், இரண்டு பிள்ளைகள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. அத்தைக்கு வயது முப்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்ததால் அப்பாவுக்கு அது நிபந்தனையாகவே தெரியவில்லை.

"வேலைய விட மாட்டேண்ணா. எனக்கு இது வேணாம்" என்றாள் அத்தை.

"வந்து பாத்துட்டுப் போகட்டுமே. தேஞ்சா போயிடுவ? அவங்களுக்குப் பிடிச்சிருந்தா அன்னிக்கே தட்டு மாத்திடலாம்."

மறுநாளும் அத்தை அதையே சொன்னாள். அப்பா ஜோசியரைப் பற்றிப் பேசினார். அம்மாவிடம் போய்ச் சொன்னாள். "எனக்கு மட்டும் இஷ்டமா? அவர்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்" என்று அம்மா வெங்காயத்தை நறுக்கினாள். அதற்கப்புறம் அத்தை பேசவில்லை. சோர்ந்துபோய்ச் சரியென்று தலையாட்டிவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு லாரி எட்டிப் பார்க்கவில்லை. வருகிறவர்களின் காபிக்கென்று அம்மா ஒரு குடத்தைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள். பஜ்ஜி மாவு கூடக் கணக்குப் பார்த்துத்தான் கரைத்தாள். வழிகாட்ட அப்பா தெருமுனைக்குப் போயிருந்தார். அம்மாவின் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலை கனக்கும் அளவுக்குப் பூ வைத்துக்கொண்டு, அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான்.

அப்போது முனையிலிருந்து அந்தப் பாட்டு கேட்டது.

வழக்கம்போல் காதைத் தீட்டிக்கொண்டேன். முதல் வரி போனது. இரண்டாவது வரி போனது. சிக்கவில்லை. மூன்றாவது வரிக்குள் தடங்கலின்றி நுழைந்து, அத்தையின் வாயில் மட்டுமே நான் கேட்டிருந்த இடத்துக்கெல்லாம் அந்தப் பெட்டி போயிற்று.

"அத்தை, சிக்கல! இது நம்ம லாரி இல்ல."

அத்தை கண்ணை மூடிக் கொஞ்சம் கேட்டாள். பிறகு எழுந்தாள்.

"லாரிதான். கொடத்த எடு."

"சிக்கவே இல்லியே அத்தை!"

"எடுடீன்னா."

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பால்கனிக்குப் போய், "லாரி வந்திருச்சு! எல்லாரும் வாங்க!" என்று தெருவே அதிரக் கத்தினாள். அடுத்த நிமிஷம் எல்லாக் கதவுகளும் திறந்தன. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களோடு அத்தை படியிறங்கிவிட்டாள். பின்னாலேயே நான் ஓடினேன்.

சந்துக்குள் ஒரு வாடகை வேன் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நடந்தபடி அப்பா, "வரலாம், வரலாம்" என்று டிரைவருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். அத்தை நேராகப் போய் வேனின் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

"இன்னும் பின்னாடி வா! லைன்ல நில்லுங்க எல்லாரும், எங்க கொடந்தான் மொதல்ல!"

"அதெப்டி? நேத்தே சொல்லி வச்சுகீறேன்!" என்று கீழ்வீட்டு அக்கா தன் குடத்தை நுழைத்தாள். அத்தை அதைத் தள்ளினாள். அக்கா இதைத் தள்ளினாள். பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நியாயம் பேசினார்கள். அப்பாவின் கை தூக்கியது தூக்கியபடியே நின்றது. வேன் கதவு திறந்தது. தட்டில் பழத்தோடு இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா வைத்த கால் எங்கள் பச்சைக் குடத்தில் பட்டு, அது சந்து முழுக்க உருண்டு ஓடியது.

"அய்ய, லாரி எங்க? இது இன்னா, மாப்ள வூட்டு வண்டியா கீது!" என்றாள் கீழ்வீட்டு அக்கா.

"ஐயோ, லாரின்னு நெனச்சுட்டேங்க" என்றாள் அத்தை, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

அவர்கள் மாடிக்கு வந்தார்கள். பஜ்ஜியைப் பிட்டுப் பார்த்தார்கள். காபியில் பாதியை வைத்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். முடிச்சூர் என்ன பெரிய தூரமா? ஆனாலும் அப்படித்தான் சொன்னார்கள். வேன் முனை திரும்புவதற்குள், அவர்களோடு வந்திருந்த தரகர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, தெருவில் இறங்கிச் சண்டை போடும் பெண் தங்களுக்கு ஒத்துவராது என்று அவர்கள் நினைப்பதாகச் சொல்லிவிட்டார்.

அப்பா அத்தையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம், அவர் கோபமெல்லாம் பாட்டின் மேல்தான். இருட்டுவதற்கு முன் நிஜமான லாரி சிக்கிச் சிக்கி வந்தபோது பால்கனியில் நின்று, "அந்தப் பாழாப்போன பெட்டியக் கழட்டி எறிங்கய்யா!" என்று கத்தினார். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அத்தை பட்டுப்புடவையை மடித்து வைத்துவிட்டு நைட்டியில் இறங்கினாள். தலையில் அந்தப் பூ அப்படியே இருந்தது. அன்று அவள் எனக்குச் சின்னக் குடத்தைக்கூடத் தரவில்லை, எல்லாவற்றையும் தானே தூக்கினாள். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடிக்கொண்டே ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள்.

"சிக்கலன்னு நீ சொன்னத அப்பாகிட்ட சொன்னியாடீ?"

"இல்ல அத்தை."

"ஏன்?"

அவளைப் பார்க்க எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. எத்தனை நாள் கேட்ட பாட்டு. எனக்கே சொல்லிக்கொடுத்தவள். "உனக்கு அசிங்கமாயிடும்ல. நீ ரொம்ப டயர்டா இருந்த, அதான் சரியா கேக்கல. தப்பு எல்லாருக்கும் வரும் அத்தை" என்று அவள் கையைப் பிடித்துத் தேற்றினேன்.

அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். ஒரு சொட்டுத் தண்ணீருக்குச் சண்டை போடுகிறவள், குடம் சாய்ந்து படி நனைவதைக்கூடக் கவனிக்கவில்லை. அவ்வளவு சிரிக்க நான் என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்காமல், நான் ஓடிப்போய்க் குடத்தை நிமிர்த்தினேன்.