தீராத டப்பா

காலடிப்பேட்டையில் எங்கள் மேல்வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். காலையில் மொட்டைமாடியில் பழைய பனியனை நனைத்து, ரோஜா இலைகளில் படிந்த சாம்பல்தூளைத் துடைத்துக்கொண்டிருப்பார். குழந்தைக்கு முகம் துடைப்பது போலிருக்கும்.

ஒருநாள், பூப்படம் போட்ட கம்பெனி உர டப்பாவுக்குள் பொன்னேரி உரக்கடையில் வாங்கிய உரத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் வெளுத்த லேபிளுக்கு மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது.

"இன்னா சார் பாக்குறீங்க? ரெண்டும் ஒரே சரக்குதான். இந்த டப்பா வாங்குற காசுக்கு அங்க ஒரு கிலோ வரும். பொண்ணு மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்துச்சு, இப்ப பெங்களூர்ல கீது. டெய்லி வீடியோல டப்பாவைக் காட்டி, நீ குடுத்ததுலதாம்மா பூக்குதுன்னு சொல்லிகினு கீறேன். தீந்துடுச்சுன்னா மறுபடி வாங்கி அனுப்பும், பாவம். பொண்ணாண்ட சொல்லிடாதீங்க."

பொங்கலுக்கு அந்தப் பெண் வந்தாள். படிக்கட்டில் என்னை நிறுத்தி மெதுவாகச் சொன்னாள்.

"அங்கிள், அந்த டப்பா ரெண்டு மாசம்கூட வராது. எனக்குத் தெரியும்னு நைனாவாண்ட சொல்லிடாதீங்க. எம்மாம் ஆசையா காட்டுது."

இருவருக்கும் சரியென்று தலையாட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் மாடிக்குப் போனால் பூவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, டப்பா பக்கம் பார்க்காமல் இறங்கி வந்துவிடுகிறேன்.